இருட்டறைகளும் அவற்றின் முன்கதைகளும்

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலில், கருவறையை ஒட்டிச் சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் உட்சுற்று ஓடுகிறது. நிமிர்ந்தபடி அதற்குள் நுழைய முடியாது. முட்டி போட்டு, தலையைத் தாழ்த்தி, உடம்பைக் குறுக்கித் தவழ்ந்தால்தான் உள்ளே போகலாம். உள்ளே ஓர் ஆள் நடக்கிற அகலம்தான் இருக்கும். வெளிச்சம் போதாது. கல்லின் குளிர்ச்சி தோளில் உரசும். லிங்கத்தைச் சுற்றி வந்தபின் மறுபடி தவழ்ந்துதான் வெளியேற வேண்டும். உடம்பு பெருத்தவர்கள் வாயிலில் தயங்கி நிற்பார்கள். பிள்ளைகள் இன்னொரு தடவை போக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். கைடு சொல்லும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: உள்ளே போகிற வாயில் மரணம், வெளியே வருகிற வாயில் தாயின் கருப்பை, இந்தச் சுற்றை முடித்தவருக்கு மறுபிறவி இல்லை.

கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்கிற கதை இது. ஊர் திரும்பியபின் கோயிலைக் கட்டிய அரசன் பெயர் மறந்துபோகும், தவழ்ந்தது மறக்காது. உடம்பால் செய்த ஒன்றுக்குக் கதை அர்த்தம் கொடுத்துவிடுகிறது. இருட்டான, எளிதில் நுழைய முடியாத ஓர் இடத்துக்கு முன்கதை சொல்லும் பழக்கம் காஞ்சியில் மிகப் பழையது. அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் அத்திவரதர் இருக்கிறார். ஐயங்கார்குளத்தில் பூமிக்குள் நடவாவிக் கிணறு இருக்கிறது. இராமானுசர் வரதருக்குத் தீர்த்தம் சுமந்த சாலைக்கிணறு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேல். இந்தப் பழக்கத்தை முழுதாகப் போற்றவோ முழுதாகத் தள்ளவோ என்னால் முடியவில்லை. கதை நம்மை அந்த அறையை இன்னும் உற்றுப் பார்க்க வைக்கிறதா, பார்க்க வேண்டியதிலிருந்து கண்ணைத் திருப்பிவிடுகிறதா என்பதே நான் வைக்கும் அளவுகோல்.

இன்றைய இளைஞர்களுக்கு இந்தப் பழக்கம் வேறொரு வழியிலும் அறிமுகமாகியிருக்கிறது. 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற ஆன்லைன் மாயாஜால விளையாட்டுகளில் நிலவறைகள் முக்கியமான களம். எந்த நிலவறையும் வெறும் இருட்டுக் குகையாக விடப்படுவதில்லை. யார் கட்டினார்கள், யார் காட்டிக்கொடுத்தார்கள், எந்தச் சாபம் உள்ளே உறைந்தது என்றெல்லாம் எழுத்தாளர்கள் முன்கதை தருகிறார்கள். 2011-இல் வந்த டார்க் சோல்ஸ் விளையாட்டு இதை இன்னும் நுட்பமாகச் செய்தது. கதையை யாரும் நேராகச் சொல்வதில்லை; கண்டெடுக்கும் மோதிரம், வாள், கவசம் ஆகியவற்றின் குறிப்புகளைப் படித்து ஆடுபவரே கோத்துக்கொள்ள வேண்டும். இந்த விளையாட்டுகளை ஆடுபவர் சுவரையும் தூணையும் துருவித் துருவிப் பார்க்கிறார், ஏனென்றால் கதைக்கான தடயம் அங்கேதான் இருக்கிறது. அங்கே அறையும் கதையும் ஒரே குழுவின் கையில் பிறக்கின்றன. ஒன்றோடொன்று முரண்பட வேண்டிய தேவை இல்லை. காஞ்சியில் நிலைமை வேறு. அறை எட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டிருக்கும், கதை அதற்குப் பல நூற்றாண்டு கழித்து வந்து குடியேறியிருக்கும். அதற்கு முன்பிருந்தே அந்தச் சுவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்.

கயிலாசநாதர் கோயில் சுவர்கள் நிறையவே சொல்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பிய மணற்கல் கற்றளி இது. திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களில் அவனுடைய பட்டப்பெயர்கள், ஏறத்தாழ 250, பல எழுத்து வடிவங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விமானத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்திலும் அசரீரியைக் கேட்டவன் என்று இவனை வியந்து பேசுகிறது. மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்று உள்ளே வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது. இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் அதைக் கவராமல் கோயிலுக்கே திருப்பித் தந்ததாக அதில் சொல்கிறான். அவனுடைய அரசி உலகமாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய கோயிலில் காஞ்சியின் சாயலை இன்றும் காணலாம். தோற்ற ஊரின் கலை வென்றவன் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைவிட வியப்பான கதையை யார் கற்பனை செய்ய முடியும்? தவழ்ந்து வெளியே வந்த பயணியை அந்தத் தூணருகே கொண்டுபோய் நிறுத்த ஒரு நிமிடம்தான் ஆகும். அவரோ அடுத்த கோயிலுக்கான ஆட்டோவைத் தேடிப் போய்விடுகிறார்.

உட்சுற்றுக்கும் அதற்கே உரிய வரலாறு உண்டு. கருவறைக்கு இரட்டைச் சுவர் வைத்து நடுவே வழி விடுவது உயரமான விமானங்களைத் தாங்கும் ஒரு கட்டட முறை. முந்நூறு ஆண்டுகள் கழித்து இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் இதையே மிகப் பெரிய அளவில் செய்தான். அந்தத் தஞ்சை உட்சுற்றின் இருட்டில்தான் 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். அதே 1931-இல் காஞ்சிக் கயிலாசநாதர் சிற்றாலயங்களில் சுண்ணப்பூச்சுக்கு அடியில் பல்லவர் ஓவியத் துணுக்குகளை ழுவோ துப்ரேய் கண்டார். விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டறைக்குள் உற்றுப் பார்த்தவர்களுக்கு அறை திருப்பித் தந்தது இது. மறுபிறவிக் கதை, நல்ல கதையே ஆனாலும், இப்படி உற்றுப் பார்க்கத் தூண்டுவதில்லை. சுற்றி முடித்தால் பலன் கிடைத்துவிட்டது, உள்ளே எதையும் பார்க்க வேண்டியதில்லை. இதுதான் அதன் குறை என்பேன்.

இதே கோயிலோடு இணைத்துச் சொல்லப்படும் இன்னொரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணத்தில் பூசலார் வருகிறார். திருநின்றவூரில் வாழ்ந்த அவருக்குக் கோயில் கட்டக் கையில் காசில்லை. ஆகவே கல், மரம், தச்சர் எல்லாவற்றையும் மனத்திலேயே திரட்டி, நாள் குறித்து, மனத்துக்குள்ளேயே ஒரு கோயில் எழுப்புகிறார். அதே நாளில் காடவர் கோமானாகிய பல்லவ அரசன் கச்சியில், அதாவது காஞ்சியில், எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருக்கிறான். இறைவன் அவன் கனவில் வந்து, நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாளில் வை என்கிறார். அந்தக் கற்றளி கயிலாசநாதர் கோயில்தான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அரசனுக்கு வானத்துக் குரல் கேட்டதாகச் சொல்கிற கல்வெட்டையும், அரசன் கனவில் இறைவன் பேசியதாகச் சொல்கிற புராணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. நானூறு ஆண்டு இடைவெளியில் ஒரு குரலின் நினைவு உருமாறி வந்து சேர்ந்திருக்கலாம். அதைவிட முக்கியமானது, இந்தக் கதை கட்டடத்தோடு வாதம் செய்கிறது. 250 பட்டப்பெயர்களைப் பொறித்துக்கொண்டவனிடம், காசில்லாதவன் மனத்தில் கட்டியது உன்னுடையதற்கு முந்தியது என்கிறது. இதைக் கேட்டபின் அந்தப் பட்டப்பெயர் வரிசையைப் பார்ப்பவர் முன்பைவிடக் கூர்மையாகப் பார்ப்பார். முன்கதை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆளுகிறவர்களே தங்களுக்கு முன்கதை செதுக்கிக்கொண்டதும் இதே ஊரில் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவர் நெடுகப் பல்லவர் வரலாறு சிற்பத் தொடராக ஓடுகிறது, சில சிற்பங்களுக்கு எழுத்துக் குறிப்போடு. கட்டியவன் நந்திவர்மப் பல்லவமல்லன். அவன் நேர் வாரிசு அல்லன். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவன், சிறுவனாக அழைத்து வரப்பட்டு அரியணை ஏறியவன். ஆகவே தன் உரிமையைக் கல்லில் கதையாகச் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. முனைவர் சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிய நூல் 1941-இல், அவர் மறைவுக்குப்பின், தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. புராணத்தை மட்டும் சந்தேகித்துக் கல்லை அப்படியே நம்பிவிடுவோருக்கு அந்தச் சுவர் நல்ல பாடம்.

இனி அத்திவரதர். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் காஞ்சிக்கு வந்தார்கள். வரதராசப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தின் நீராழி மண்டபத்துக்கு அடியில், நீருக்குள் கிடந்த அத்திமரத் திருமேனியை எடுத்து வசந்த மண்டபத்தில் வைத்தார்கள். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். முந்தைய தடவை 1979. அந்த ஆண்டில் தாயின் இடுப்பிலிருந்து பார்த்தவர்கள் இம்முறை தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். வாழ்நாளில் ஒரு முறை, அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு முறை காணக் கிடைப்பது என்ற எண்ணம் குடும்பங்களுக்குள் காலக் கணக்கை நட்டுவிடுகிறது. அப்பா அப்போது எத்தனை வயது, ஆயா கூட இருந்தாளா, எந்தத் தெரு வழியாக நடந்து வந்தோம் என்று வீட்டு வரலாறே அதைச் சுற்றிப் பேசப்பட்டது. எந்த அருங்காட்சியகமும் இதைச் செய்துவிட முடியாது. நீருக்கடியில் ஒரு திருமேனியும் ஒரு கெடுவும் சேர்ந்து மூன்று தலைமுறையை ஒரே வரிசையில் நிற்க வைத்தன.

வரிசை நீண்டபோது நெரிசலில் சிலர் உயிரிழந்தார்கள் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். கோடிப் பேரை இழுக்கும் வலிமை ஒரு கதைக்கு இருக்கும்போது, அதைச் சொல்லிப் பரப்புகிறவர்களுக்கும் ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் அதே அளவு பொறுப்பு உண்டு. இன்று பார்க்காவிட்டால் இனி இல்லை என்ற அவசரத்தை ஊட்டி வளர்த்தால், கடைசி நாட்களின் வெயிலில் முதியவர்களும் கர்ப்பிணிகளும்தான் அதன் சுமையைத் தாங்குகிறார்கள்.

அத்திவரதர் ஏன் நீருக்குள் போனார்? இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பிரமனின் வேள்வித்தீயிலிருந்து தோன்றியவர், ஆகவே திருமேனி வெப்பம் தணிய நீருக்குள் இருக்க விரும்பினார் என்பது ஒன்று. படையெடுப்புக்கு அஞ்சி ஒளித்து வைத்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவது காஞ்சித் தலபுராணத்தின் உலகத்துக்குள் இயல்பாகப் பொருந்துகிறது. பிரமன் வேள்வி செய்ததும், வேகவதி வெள்ளமாக வந்து அதை அழிக்கப் பார்த்ததும், பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்ததும் அத்திகிரி மான்மியத்தின் கதை. வேதாந்த தேசிகர் அதைத் தமிழிலேயே மெய்விரத மான்மியமாகப் பாடியிருக்கிறார். தீ, வெள்ளம், அணை, குளிர்ந்த நீர் என்று எல்லாம் ஒரே நூலில் கோக்கப்பட்டவை. வறண்ட பாலாற்றையும் வேகவதியையும் நம்பி வாழ்ந்த ஊர், தன் தெய்வத்தை நீரின் காவலாகவும் நீருக்குள் இருப்பவராகவும் கண்டது நியாயமானது.

இரண்டாவது கதையில்தான் எனக்கு வருத்தம். காஞ்சியில் உண்மையிலேயே திருமேனிகளை ஒளித்துக் காப்பாற்றிய வரலாறு இருக்கிறது. அது கல்வெட்டாகவே வரதராசர் கோயிலில், தாயார் சன்னதிக்கு முன் நிற்கிறது. 1688-இல் முகலாயப் படை வரும் என்ற அச்சத்தில் காஞ்சிக் கோயில்களின் உற்சவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வரதர் உடையார்பாளையத்துக்குப் போனார். ஆபத்து நீங்கியபின்னும் பாளையக்காரர் அவரைத் திருப்பி அனுப்ப மனம் வைக்கவில்லை. கடைசியில் அத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்று லாலா தோடர்மால் என்ற தளபதி படையோடு தலையிட்டு 1710-இல் வரதரைக் காஞ்சிக்குக் கொண்டுவந்தார். அந்தத் தோடர்மால் பணியாற்றியது ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானிடம். தோடர்மால், அவர் தாய், மனைவி ஆகியோரின் உருவங்கள் கூப்பிய கையோடு இக்கோயிலில் இருக்கின்றன. ஆண்டும் பெயரும் சாட்சியும் உள்ள இந்த நிகழ்வை விட்டுவிட்டு, ஆண்டில்லாத, பெயரில்லாத ஒரு படையெடுப்பைக் குளத்துக்குள் திணித்துச் சொல்கிறார்கள். முகமற்ற எதிரியைக் கொண்ட கதை பரவுவது சுலபம். நவாபின் ஊழியர் ஒருவர் வரதரைத் திரும்பக் கொண்டுவந்தார் என்ற உண்மை அந்தக் கதைக்குள் அடங்காது, ஆகவே அது உதிர்ந்துபோகிறது. இது சின்னக் குறை இல்லை. ஒரு ஊர் தன் அண்டை அயலாரைப் பற்றி என்ன நினைக்கும் என்பதை இத்தகைய கதைகள் தீர்மானிக்கின்றன.

நாற்பது ஆண்டு என்ற கணக்கிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1979-க்கு முந்தைய எழுந்தருளலை 1937 என்றும் 1939 என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். வழக்கங்கள் இப்படித்தான் உருவாகின்றன, மெல்லத்தான் இறுகுகின்றன. அதைச் சொல்வதால் பக்தி குறைந்துவிடாது. ஆதியிலிருந்தே அணுவளவும் பிசகாத விதி என்று அடித்துச் சொல்லும்போதுதான், ஓர் ஆண்டுக் கணக்கு தவறினால் எல்லாமே பொய் என்று சொல்ல எதிராளிக்கு இடம் கிடைக்கிறது.

அதே கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசை நிற்கிறது. பட்டுப் புடவை எடுக்க வந்த கல்யாண வீட்டார் பலருக்குக் கோயில் தரிசனம் என்றால் பல்லிதான். நூற்றுக்கால் மண்டபத்துக் குதிரை வீரர்கள் அவர்கள் திரும்பிப் போகிற வழியில்தான் நிற்கிறார்கள். பல ஊர்களில் சொல்லப்படும் சுரங்கப்பாதைக் கதைகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. கோயிலிலிருந்து அரண்மனைக்கு, அரண்மனையிலிருந்து ஆற்றுக்கு என்று எல்லா ஊருக்கும் ஒரே கதை, பெயர் மட்டும் மாறும். எந்த இடத்துக்கும் பொருந்துகிற கதை எந்த இடத்தையும் விளக்குவதில்லை.

இதற்கு நேர்மாறாக ஐயங்கார்குளம் நிற்கிறது. காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டினால் வருகிற ஊர். இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் வரதராசர் கோயில் நிர்வாகத்தில் பெரிய செல்வாக்கோடு விளங்கிய எட்டூர் குமார தாத்தாச்சாரியார் இங்கே சஞ்சீவிராயர் கோயிலையும் கடல் போன்ற ஏரியையும் அமைத்தார். பொருளோடு வந்துகொண்டிருந்த அவரைத் திருடர்கள் மறிக்க, அவர் அனுமனை வேண்ட, குரங்குக் கூட்டம் வந்து திருடர்களை விரட்டியது, அந்த நன்றிக்குக் கட்டிய கோயில் இது என்பது ஊர்க் கதை. அனுமனைப் போற்றி அவர் இயற்றிய இருபது சுலோகங்கள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கதையைக் கேட்டவர் சுவரைப் போய்ப் பார்க்கலாம், கரையேறி ஏரியைப் பார்க்கலாம். காசு எதற்குச் செலவானது என்பது கண்ணெதிரே இருக்கிறது.

நடவாவிக் கிணறு அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தோரண வாயில் ஒன்று தரையில் தனியாக நிற்கும். அதன் கீழே படிகள் பூமிக்குள் இறங்கும். ஆண்டின் பெரும்பகுதி படிகளில் பாதி நீருக்குள்தான். சித்ரா பௌர்ணமி நெருங்கும்போது மோட்டார் வைத்து நீரை இறைப்பார்கள். மட்டம் இறங்க இறங்க, பாசி படிந்த படிகளும், கடைசியில் கிணற்றைச் சுற்றி எழுப்பிய தூண் மண்டபமும் வெளிப்படும். படியை ஊர்க்காரர்கள் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவார்கள், விளக்குக் கட்டுவார்கள், வாழை நடுவார்கள். இரவில் வரதர் காஞ்சியிலிருந்து பல்லக்கில் வந்து, அந்தப் படிகளில் இறங்கி, மண்டபத்துக்குள் கிணற்றை வலம் வருவார். பூமிக்கடியில் ஈரக் கல்லும் தீவட்டிப் புகையும் மனித மூச்சும் ஒன்றாக அடைந்திருக்கும். எந்த நிலவறை விளையாட்டிலும் கிடைக்காத அனுபவம் அது, ஏனென்றால் காலுக்கடியில் உண்மையான ஊற்று இருக்கிறது. பெருமாள் அங்கிருந்து பாலாற்றுக்குப் போகிறார்.

இங்கே கதைக்கும் வேலைக்கும் பிரிவில்லை. வரதர் வருவார் என்பதால் கிணறு ஆண்டுதோறும் இறைக்கப்படுகிறது, சேறு வாரப்படுகிறது, பழுது கண்ணில் படுகிறது. அந்தச் சடங்கு இல்லாவிட்டால், தமிழ்நாட்டின் பல படிக்கிணறுகளைப் போல இதுவும் குப்பைக் குழியாகியிருக்கும். வரலாற்றுணர்வுள்ளவர்கள் மதிக்க வேண்டியது இந்தப் பராமரிப்பைத்தான். மறைந்திருக்கும் இடத்தைக் கதையாக மட்டும் வைத்திருக்காமல், துடைப்பத்தோடு இறங்க வைக்கிற கடமையாக மாற்றியிருக்கிறார்கள்.

குறை இங்கும் உண்டு. கல்தச்சர் யார், நீர் எந்தப் பக்கத்துச் சுரப்பால் ஏறுகிறது, தூண் சிற்பங்களில் எவை தேய்ந்து போயின என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. கூட்டம் வருகிற அந்த ஓரிரு நாளில் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, எல்லாப் படமும் பெருமாளையே பிடிக்கிறது. அது இயல்பு. ஆனால் நீர் இறைத்து முடித்து, பல்லக்கு வருவதற்கு முன் ஒரு பகல் பொழுது இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக இறக்கி, ஒரு தூணுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்து, அதில் என்ன செதுக்கியிருக்கிறது என்று எழுதவும் வரையவும் சொல்லலாம். பல்லக்கு சுமப்பவர்களிடமும் மோட்டார் ஓட்டுபவர்களிடமும் கேட்டு எழுதச் சொல்லலாம். மோட்டாரை நிறுத்தியதும் ஊற்று ஏறத் தொடங்கிவிடும், ஆகவே இந்த வேலையைத் திருவிழாவுக்குப் பிறகு என்று தள்ளிப்போட முடியாது.